முழு ஆட்டமும் ஆடியவன்

"ஒங்க கோச்சுதாம்ல என் தம்பி முழங்காலைக் கெடுத்தாரு."

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் நடந்த பேச்சு. மடியில் ஸ்கேன் உறையோடு இருந்தவர், பக்கத்திலிருந்த நெட்டையான பாஸ்கட்பால் பையனிடம் சொன்னார்.

"அவன் குட்டைண்ணே. மொதல்ல அஞ்சு நிமிசந்தான் எறக்குவாரு. இப்ப என் எடத்துல, ஃபார்வர்டா, முழு ஆட்டமும் ஆட விட்டாரு. அவனுக்கும் சந்தோசந்தான."

"ஒன்னைய எதுக்குல ஒக்கார வச்சாரு?"

பையன் சன்னல் பக்கம் திரும்பினான்.

"மாவட்ட டீம் செலக்சனுக்கு முன்னால எனக்கு அடிபடக் கூடாதுன்னு."

"அவனுக்குப் படலாமோ? வீங்குன காலுல வலி தெரியாம இருக்க ஊசியப் போட்டுல்ல எறக்கிருக்காரு. இனி ஓடவே ஏலாதுன்னுட்டாரு டாக்டர்."

அவர் ஸ்கேன் உறையைப் பையன் மடியில் வைத்தார்.

"நாளைக்கு கிரவுண்டுக்கு வாரேன். ஆடுற பிள்ளைக அம்புட்டுப் பேர் முன்னாலயும் ஒங்க கோச்சு சொல்லட்டும், என் தம்பி கால் மட்டும் காலில்லையான்னு."