குழிக்குள் அவருடைய இடம்

ஓடுகிறேன். கைப்பிள்ளை இடுப்பில். மூத்தவள் பிலோமினா என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி. விமானம் கூரைக்கு மேலே, அவ்வளவு தாழ. இறக்கையில் ஜப்பான்காரனின் சிவப்பு வட்டம் தெரிகிறது. துறைமுகப் பக்கம் டும், டும், டும். தகரவேலி நடுங்குகிறது. பின்னால் என் புருஷன் கத்துகிறார்.

"குழிக்குள்ள இறங்கு! தலையைக் குனி!"

1942. உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனை. காலை எட்டு மணி இருக்கும். அபாயச் சங்கு ஊதியதா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் காதில் விழவில்லை. விமானம்தான் முதலில் வந்தது.

விடியற்பூசை கண்டு வந்திருந்தோம். தபசுகாலம் முடிந்த முதல் இறைச்சிக் கறி அடுப்பில் இருந்தது. அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் ஒரு கிண்ணம் போகவேண்டும் என்பதால் சோனகருடைய கடையில்தான் இறைச்சி வாங்குவோம். கறி அப்படியே கருகியது. அந்த மணம் இன்றும் எனக்கு ஆகாது.

என் புருஷன் பெயர் சவிரிமுத்து. துறைமுகத்தில் கிளாக்கர். யாழ்ப்பாணத்து இளவாலையில் கலியாணம் முடித்த கையோடு என்னைக் கொழும்புக்குக் கூட்டி வந்தவர். எல்லாரும் பதுங்குகுழி வெட்டவேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தபோது, ஈரப்பலா மரத்தடியில் தன் கையாலேயே வெட்டினார். ஒடுங்கிய குழி. எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்காலும் முழங்காலும் முட்டும்.

அடுத்த வீட்டு முற்றம் முழுக்கச் சீமெந்து. வெட்ட இடமில்லை. அங்கே ஹாஜரா ராத்தா. அவர்கள் வழக்கில் ராத்தா என்றால் அக்கா. அவருடைய மாமி, கலியாணம் பேசியிருந்த மகள். புருஷனுக்கு மருதானையில் புடவைக்கடை. குண்டுக்குத் தப்பக் குடும்பத்தை ஒதுக்கிவைக்க ஒரு வீடு பார்க்க அன்றைக்கு அவர் பேருவளை போயிருந்தார். சங்கு ஊதினால் எங்கள் குழிக்கு வரச்சொல்லி என் புருஷன் முன்பே சொல்லி, வேலித் தகரத்தில் ஒன்றைக் கழற்றியும் வைத்திருந்தார்.

ஆனால் அந்நிய ஆணோடு முழங்கால் முட்ட உட்காருவது அந்த வீட்டில் நடக்காத காரியம். ஒத்திகைச் சங்கு ஊதிய நாட்களில் அவர்கள் வேலியடியில் முக்காட்டை இழுத்துக்கொண்டு நிற்பார்கள். என் புருஷன் ஏறி வெளியே போய் மரத்தின் மறுபக்கம் நிற்பார். அவர்கள் இறங்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எனக்குப் பீடத்தில வைக்கிற அர்ச்சியசிஷ்டர் வேண்டாம். புருஷன் வேணும்."

சிரித்தார். பொழுதுபட ஜெபத்தில் ஆண்டவர் கட்டளையிட்ட பத்துக் கற்பனையைச் சொல்கிறோமே, கடைசி வரியை விட்டுவிட்டா சொல்வது என்று கேட்டார். தன்னைப் போலப் பிறரையும் நேசிக்கச் சொல்கிற வரி அது. நாக்குக்குப் பழகின வரி. அதற்கு விலை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இப்போது ஒத்திகை இல்லை. குழிக்குள் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். எனக்குப் பல் கிட்டுகிறது. கைப்பிள்ளை வீறிடுகிறான். அவரும் இறங்கிவிட்டார். அவர் முழங்கால் என் முழங்காலில். அந்தச் சூடு ஒன்றுதான் எனக்குத் தைரியம்.

வேலி இடைவெளியில் மூன்று பேர். வெட்டவெளி. மேலே விமானம் திரும்புகிறது. ராத்தா மாமியை அணைத்துப் பிடித்திருக்கிறார். மூவருக்கும் முக்காடு. நிற்கிறார்கள். வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

என் புருஷன் அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. அவருடைய சட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன். போகாதேங்கோ என்றேன். பத்துத் தரம் சொல்லியிருப்பேன்.

"நான் இருந்தா அவையள் இறங்க மாட்டினம். நீ தள்ளி இருந்து இடம் குடு."

சட்டைப் பொத்தான் ஒன்று என் கையோடு வந்தது. அவர் ஏறிவிட்டார்.

மூவரும் விழுந்தடித்து இறங்கினார்கள். கிழவியின் முழங்கை என் விலாவில். அந்தப் பெண்பிள்ளை ஓதிக்கொண்டிருந்தாள். நான் மாதாவே, மாதாவே என்றேன். ஒரு சீறல். பிறகு நிலம் தூக்கிப் போட்டது. காது அடைத்தது. மண் கொட்டியது. ஈரப்பலா இலைகள் குழிக்குள் விழுந்தன. பச்சை இலைகள். அதன் பிறகு துறைமுகப் பீரங்கி மட்டும், தூரத்தில்.

ஏறிப் பார்த்தேன். மரத்தடியில் குப்புறக் கிடந்தார். பிடரியில் ஒரு இரும்புத் துண்டு. சின்னதுதான். அது ஜப்பான்காரன் குண்டினதா, எங்கள் பீரங்கியினதா என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தார். அவருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்காது.

அடுத்த நாள் அடக்கம். ஊரே கிளம்பி ஓடிக்கொண்டிருந்தது. மாட்டு வண்டி, றிக்ஷா, தலையில் மூட்டை. பெட்டி தூக்க நாலு பேர் தேடவேண்டியிருந்தது. பேருவளையிலிருந்து அரக்கப்பரக்கத் திரும்பியிருந்த ராத்தாவின் புருஷன் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ராத்தா வேலியடிக்கு வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெறுத்தேன். உன் வெட்கம் என் தாலியைத் தின்றது என்று மனதுக்குள் சொன்னேன். கதவு அடித்தால் பயம். தகரம் சலசலத்தால் பயம். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு வெறுப்பது சுகமாக இருந்தது.

எங்களை ஊருக்குக் கூட்டிப்போக என் புருஷனுடைய தம்பி வந்து சேர்ந்தான். அன்றைக்கே சங்கு ஊதியது. இந்த முறை நன்றாகவே ஊதியது. மூத்திரம் போய்விட்டது எனக்கு. பிள்ளைகளோடு இறங்கினேன். தம்பியும் இறங்கினான், அண்ணன் இருந்த அதே மூலையில். நிமிர்ந்தால், வேலி இடைவெளியில் ராத்தா. தனியாக. மாமியையும் மகளையும் புருஷனோடு பேருவளைக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் நின்றுவிட்டிருந்தார். ஏன் என்று எனக்குத் தெரியாது.

நிற்கட்டும் என்று நினைத்தேன். மேலே பார்த்தேன். மேகம். பக்கத்தில் தம்பி எழும்புகிறான், வெளியே போக. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதே இரத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. அவனை இழுத்து இருத்தினேன். பிறகு என்ன செய்தேன் என்று தெரியாமலே நான் ஏறினேன். வேலிக்குப் போய் ராத்தாவின் கையைப் பிடித்தேன். பனி மாதிரிக் குளிர்ந்த கை. வாங்கோ என்றேன். அவ்வளவுதான் வந்தது.

குழியடியில் ராத்தாவைக் கண்டதும் தம்பி மறுபடியும் எழும்பினான். ராத்தா குனிந்து அவன் தோளை அமுக்கினார். வாழ்நாளில் அந்நிய ஆணைத் தொட்டிராத கை.

"இரிங்க தம்பி. ஒரு உசிரு போதும்."

இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலோடு முழங்கால். முக்காடு விலகவில்லை. என் கைப்பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு விமானம் வரவில்லை. வராது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று பொழுதுபட ஜெபத்தில் கடைசி வரி வந்தபோது நான் நிறுத்திவிட்டேன். பிலோமினா சொல்லி முடித்தாள்.

நீங்கள் மறந்துவிடக்கூடாது என்பதற்காகக் கணக்கைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இழந்தது: என் புருஷன், முப்பத்தொரு வயது. ஈரப்பலாவின் பாதி. ஒரு பானை கறி. பொத்தான் என்னிடம் இருக்கிறது, அதைச் சேர்க்கவில்லை. அடுத்த வீட்டில் இழந்தது ஒன்றுமில்லை. அந்தப் பெண்பிள்ளைக்கு அந்த வருஷமே கலியாணம் நடந்தது. ஒரு ஆள் எழும்பிப்போன இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அந்த ஒடுங்கிய குழி எப்படிக் கொண்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.