நாற்பத்தெட்டு மணி நேரப் பூட்டின் காவலருக்கு

பொருநைக் கடலடி ஆய்வகத்தின் கருவியறையை முப்பத்தொரு ஆண்டுகள் கண்ணெனக் காத்து இன்று பணி நிறைவு பெறும், அன்புக்கும் மதிப்புக்கும் உரிய ஜெபராணி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி உவந்து வழங்கும் மடல்.

கண்டிப்பிலே கனிவும் கனிவிலே கண்டிப்பும் கலந்த பெருந்தகையீர்,

தாமிரபரணி கடலில் கொண்டு சேர்க்கும் வண்டலை அளப்பது நம் தொழில். அளவைப் பெட்டிகளைக் கடலடியில் வைத்து எடுப்பவர்கள் நம் முக்குளிப்போர். அவர்கள் மணிக்கட்டில் கட்டிச் செல்லும் டைவ் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பாளர் தாங்கள். எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம், மேலே வரும் வழியில் எங்கே நின்று வர வேண்டும் என்று சொல்லும் சிறு கருவி அது. நில்லாமல் மேலேறி வந்தவருக்கு மறுபடி கணக்குச் சொல்ல மறுத்து, நாற்பத்தெட்டு மணி நேரம் தன்னைப் பூட்டிக்கொள்ளும். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு அவகாசம் வேண்டும்.

கருவிகளோடு தங்கள் உறவு தொடங்கியது 1986இல், பாளையங்கோட்டையின் கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றில். செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைந்த குளிர்ந்த அறை, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, பாட்டு கேட்கும் கேசட்டிலேயே நிரலைச் சேமித்த காலம். வாரத்துக்கு அரை மணிதான் இயந்திரம் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் கட்டம் போட்ட நோட்டில் நிரலை எழுதி, ஆழ்வார்திருநகரி பேருந்தில் உட்கார்ந்து, இயந்திரம் செய்வதைத் தாங்களே வரிவரியாகச் செய்து பார்ப்பீர்களாம். ஏழாம் வாய்பாட்டை அச்சிடத் தாங்கள் எழுதிய முதல் நிரலில், எண்ணிக்கையை ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி ஒன்றாக்கிவிட்டீர்கள். ‘ஓரேழு ஏழு’ என்ற ஒரே வரியைத் தாள் தீரும்வரை அடித்துத் தள்ளியதாம் அச்சுப்பொறி. மதியச் சாப்பாட்டின்போது இதை எத்தனை முறை சொன்னாலும் தாங்களே முதலில் சிரிப்பீர்கள்.

இனி எழுதுவதை எழுத எங்களுக்கு மனமில்லை. ஆனால் “அதைச் சொல்லாம விட்டா எனக்கு மடலே வேண்டாம்” என்று கூறிவிட்டீர்கள்.

2014 மே மாதம். நம் முக்குளிப்பாளர் சங்கிலிபூதத்தான், அம்பாசமுத்திரத்து ஆற்றில் நீந்தி வளர்ந்தவர், முப்பத்திரண்டு மீட்டர் ஆழத்தில் பெட்டியின் கயிறு சிக்கிக்கொள்ள, அதை அறுக்க நெடுநேரம் போராடினார். காற்று தீர்ந்துவரவே நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் மேலே வந்தார். கருவி பூட்டிக்கொண்டது. மூன்று மாதப் பதிவுகளோடு பெட்டி அடியிலேயே கிடந்தது. தென்மேற்குக் காற்று தொடங்க ஒரு நாளே இருந்தது; தொடங்கிவிட்டால் பெட்டி மண் மூடிப்போகும். அது கிடந்த இடம் அறிந்தவர் அவர் ஒருவரே; தம் பெயரில் பதிந்த கருவியின்றி எவரும் இறங்கக் கூடாதென்பது நம் விதி.

“எனக்கு ஒண்ணுமில்ல அக்கா. உடம்பு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஒரு தடவ எறங்குதேன், பெட்டியோட வாரேன். பூட்ட மட்டும் எடுத்து விடுங்க” என்று கேட்டார் அவர்.

கருவியைப் பழுதுநீக்கும் கம்பியால் மேசைக் கணினியோடு இணைத்து, நினைவை முழுவதும் அழித்தால் பூட்டு விலகும் என்பது நம்மில் தங்கள் ஒருவருக்கே தெரியும். இரண்டு முறை மறுத்தீர்கள். மூன்றாம் முறை அழித்தீர்கள்.

மறுநாள் அந்தக் கருவிக்கு, முந்தைய நாள் அவர் கடலில் இறங்கியதே தெரியாது. தாராளமாக நேரம் கொடுத்தது. அது சொன்னபடியே இருந்து, அது சொன்னபடியே நின்று, பெட்டியோடு வந்தார் பூதத்தான். குலசேகரன்பட்டினம் கரையில் படகைவிட்டு இறங்கியவர், இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் மணலில் சரிந்தார். உடலில் தங்கிய நைட்ரஜனை வெளியேற்றும் அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு வேனில் விரைந்தபோது, வழிநெடுக அவர் பாதத்தைக் கையில் பிடித்தபடி, “தொடுதது தெரியுதா பூதத்தான்? இப்ப தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள் என ஓட்டுநர் கருத்தையா இன்றும் சொல்வார். வலக்கால் மீண்டது. இடக்கால் முழுதாக மீளவில்லை. அதன்பின் அவர் கடலில் இறங்கவில்லை.

அழிந்த நினைவில் ஆதாரமும் அழிந்துபோயிருந்தது. விசாரணைக்கு வந்தவர்களிடம் படுக்கையில் இருந்தபடியே, “மிஷின் கோளாறு சார். பூட்டு தானா விட்டுட்டு” என்று சொல்லிவிட்டார் அவர். அன்று மாலையே அவர் கட்டிலருகே சென்று, “எனக்காக நீ பொய் சொல்லக் கூடாது. அழிச்சது நான். எழுதிக் குடுத்துட்டேன்” என்றீர்கள். அலுவலகத்தில் அக்கடிதத்தைக் கோப்பில் சேர்த்த பிரிஸில்லாவுக்கு அதன் வரிகள் மறக்கவில்லை: ‘கருவி பிழை செய்யவில்லை. எண்ணிக்கையை மறுபடி ஒன்றாக்கியது நான்.’

ஓராண்டு கருவியறையிலிருந்து விலக்கப்பட்டு, தபால் பிரிவில் அமர்ந்தீர்கள். திரும்பி வந்த முதல் நாளே அந்தக் கம்பியை அதைத் தயாரித்தவர்களுக்கே அனுப்பிவிட்டீர்கள். நினைவை அழிக்கும் வழி நம்மிடம் அன்றோடு இல்லாமல் போயிற்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த புதிய கருவிகளிலோ, அந்தப் பூட்டே விழாதபடி அமைப்பில் மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. வேலை தடைப்படுகிறது என்று திட்டத் தலைவர் அப்படியே மாற்றச் சொன்னார். “சார், கடலுக்குள்ள போறது நீங்களும் இல்ல, நானும் இல்ல” என்றீர்கள். அவர் சினந்தார், தாங்கள் அசையவில்லை. அந்தப் பருவத்தில் ஒரு பெட்டியை இழந்தோம். பூட்டு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. அன்று கருவி பூட்டிக்கொண்டதால் அந்தப் பெட்டிக்காக மறுபடி இறங்க முடியாமல் நின்ற முக்குளிப்பாளர் மணிராஜ், தம் மகளோடு இதோ இந்த அவையில் அமர்ந்திருக்கிறார் என்பது தெரியும்.

இம்மடலின் முதல் படியைப் படித்துவிட்டு, இப்போது கீழ்த்தளக் கிடங்கின் பொறுப்பாளராக உள்ள பூதத்தான் ஒரு திருத்தம் சொன்னார்: “தப்பு அக்கா மட்டும் பண்ணலயே. கேட்டது நான்லா. அதையும் எழுதுங்க.” எழுதிவிட்டோம்.

உண்மையை ஒளிக்காத உள்ளத்தீர், உடல் நலமும் மன அமைதியும் குன்றாமல், பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு வாழ்வீராக. கர்த்தரின் கிருபையும், எங்கள் ஒவ்வொருவரின் அன்பும் தங்களோடு இருப்பதாக.

ஒன்று மட்டும் சொல்லி நிறைவு செய்கிறோம். கிடங்கிலிருந்து எது வேண்டுமானாலும், பூதத்தானைக் கருவியறைக்கு வரவழைக்காமல், இத்தனை ஆண்டுகளும் தாங்களே மாடியிலிருந்து இறங்கி வந்தீர்கள். இன்றைய விழாவையும் கீழேயே வைக்கச் சொன்னீர்கள். அவர்தாம் சம்மதிக்கவில்லை. “அக்கா வேல பாத்த எடத்துலதான் வைக்கணும். நான் பைய ஏறி வாரேன்” என்றார். இருபத்திரண்டு படிகளையும் ஏறி வந்து, தங்கள்முன் நின்று இம்மடலை வாசித்துக்கொண்டிருக்கும் குரல் அவருடையது.

தங்கள் தோழமையில் பெருமிதம் கொள்ளும்
கருவியறை, படகு, கிடங்கு, அலுவலகப் பணியாளர்கள்
பொருநைக் கடலடி ஆய்வகம், பாளையங்கோட்டை