பெட்டியில் ஒரு டிஸ்க் குறைந்தது பற்றி

என் பெயர் குணசுந்தரி. காலஞ்சென்ற சிவநேசனின் மனைவி. வயது 36. சுங்கை பட்டாணி, பாக்கார் ஆராங்கில் என் மாமனார் தர்மலிங்கத்துடனும் ஐந்து வயது மகள் தாரணியுடனும் குடியிருக்கிறேன். குருணில் ஒரு தொழிற்சாலையில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருக்கிறேன். சென்ற வாரம் இந்தப் போலீஸ் நிலையத்தில் நான் கொடுத்த திருட்டுப் புகாரைத் திரும்பப் பெற வந்துள்ளேன்.

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. குரல்வளையை எடுத்தாக வேண்டும், அதன்பிறகு பேச்சு வராது என்று மருத்துவர் சொன்னார். அறுவைக்கு முன் கிடைத்த நாட்களில் அவர் மகளுக்காகத் தன் பேச்சைக் கணினியில் பதிவு செய்யத் தொடங்கினார். கதைகளும், பள்ளிக்கூடம் போகும் முதல் நாளில் கேட்க வேண்டியதும், கல்யாணத்தன்று கேட்க வேண்டியதும் அதில் இருந்தன. முன்பு எங்கள் கணினியின் டிஸ்க் பழுதாகித் திருமணப் படங்கள் முழுவதும் போய்விட்டதால், வெளியே வைக்கும் டிஸ்க் பெட்டி ஒன்று வாங்க நாங்கள் இருவரும் மாமனாரும் டவுனில் புவனேஸ்வரன் என்பவரின் கடைக்குச் சென்றோம்.

கடைக்காரர் இரண்டு டிஸ்க் போடும் பெட்டி ஒன்றைக் காட்டினார். "ரெண்டையும் சேத்துப் போட்டா இடம் நெறைய கெடைக்கும்ணே. மிரர்ல போட்டா இடம் பாதிதான். ஆனா ஒன்னுல எழுதுறது அப்படியே இன்னொன்னுலயும் இருக்கும்" என்றார். என் கணவருக்கு அப்போதே குரல் கரகரத்துப் போயிருந்தது. "இடம் எதுக்குலா. ஒன்னு செத்தாலும் இன்னொன்னு பேசணும்" என்றார். அதையே வாங்கினோம். மாமனார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தார்.

அதன்பிறகு அறுவை நடந்தது. என் கணவர் கைப்பேசியில் எழுதிக் காட்டுவார். மாமனாருக்கு அவ்வளவாக வாசிக்கத் தெரியாததால் நான் வாசித்துச் சொல்வேன். அப்படி ஒரு வருடம் இருந்தார். தீபாவளி கழிந்து இறந்துபோனார்.

அதன்பிறகு தினமும் சாப்பாடு முடிந்ததும் மகளுக்கு ஒரு பதிவைப் போடுவேன். காற்றில் அறைக்கதவு அடித்துக்கொள்ளும் என்பதால் சாத்திவிடுவேன். அந்த நேரத்தில் மாமனார் வெளியே டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். குழந்தைக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது என்று செய்கிறார் என நினைத்திருந்தேன்.

அதன்பிறகு பண்டார் பாருவில் என் தாயார் வீட்டுக்கு அருகில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. மாமனாரையும் வரச் சொன்னேன். "நீங்க போங்கம்மா, எனக்கு இங்கதான் சரி" என்றார். சென்ற வாரம் மணியம் என்பவர் லோரியில் சாமான்களை ஏற்றிச் சென்றார். கணினியையும் டிஸ்க் பெட்டியையும் என் காரில் கொண்டுபோவதற்காகத் தனியே வைத்திருந்தேன். அன்று மாலை மகளுக்காகப் பெட்டியைப் போட்டபோது சிவப்பு விளக்கு எரிந்து, விடாமல் சத்தம் வந்தது. பார்த்தால் ஒரு டிஸ்க் இல்லை. வீட்டுக்குள் வந்துபோன வெளியாள் மணியம் மட்டுமே என்பதால் அவர் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தேன்.

மறுநாள் மணியத்தை நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார்கள். அவர் மனைவி என் வீட்டு கேட்டில் வந்து நின்று, "அக்கா, எங்க வீட்டுக்காரரு அடுத்தவங்க பொருள தொடமாட்டாருலா" என்று அழுதார். மாமனார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அதன்பிறகு என்னை நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு துண்டைப் பிரித்து வைத்திருந்தார்கள். டிஸ்க் அதற்குள் இருந்தது. மாமனார் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் இருக்கும்னு கடக்காரரு சொன்னாரேம்மா. ஒன்ன எடுத்தா உங்களுக்குக் கொறையாதுன்னு நெனச்சேன்" என்றார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே மாமா" என்றேன்.

"எப்படிக் கேக்கறது? அவன் எல்லாத்தையும் பிள்ளைக்குத்தானே பேசி வச்சான்."

அவரிடம் கணினி கிடையாது. அதை வைத்து என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். "வீட்டுல இருக்கட்டும்னுதான்யா" என்றார்.

அதன்பிறகு, டிஸ்க் கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு காவலருடன் நாங்கள் புவனேஸ்வரன் கடைக்குப் போனோம். அவர் அதைத் தனியே மாட்டினார். எல்லாப் பதிவுகளும் இருந்தன. எதைப் போடட்டும் என்று மாமனாரைக் கேட்டேன். நரிக் கதை என்றார். கதையின் நடுவில் என் கணவருக்கு இருமல் வருகிறது. "அப்பா, கொஞ்சம் தண்ணி" என்று கூப்பிடுகிறார். செருப்புச் சத்தம் கேட்கிறது. "இந்தாய்யா, மெதுவா குடி" என்று மாமனாரின் குரல். அதன்பிறகு கதை தொடர்கிறது.

"டிவிய கொறச்சாலும் கதவுக்கு வெளியில சரியாக் கேக்காது. நான் தண்ணி குடுத்தது இருக்குமா, அழிச்சிருப்பானான்னு தெரியாம இருந்துச்சும்மா" என்றார் மாமனார். அந்த இடத்தை மறுபடியும் போடச் சொன்னார். கடைக்காரர் போட்டார். பிறகு கேட்காமலே இன்னொரு முறையும் போட்டார். டிவியில் மாட்டிக் கேட்கும்படி எல்லாவற்றையும் ஒரு சிறிய பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்.

மணியத்தின் வீட்டுக்குப் போய் அவரிடமும் அவர் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டேன். மணியமோ என் மாமனாரோ எதையும் திருடவில்லை. அந்த டிஸ்க் என் மாமனாருடையது. அதை அவர் கையிலேயே கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாளை நானும் மகளும் பண்டார் பாருவுக்குப் புறப்படுகிறோம். மாமனார் வரவில்லை.

நான் தமிழில் சொல்லி எழுதப்பட்ட இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்தது இதுதான். யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சி. குணசுந்தரி