ஆடிப் பதினெட்டும் புது மதர்போர்டும்

அந்தக் கம்ப்யூட்டர் இருக்கே அண்ணாச்சி, அதத் தூக்கி ரோட்டுல போட்டு லாரிய ஏத்தலாம்னு வருது எனக்கு! இல்ல இல்ல, எந்திரிக்காதீக... நீங்க பாட்டுக்கு வேஸ்ட் பேப்பர எடை போடுங்க, நான் இங்கன நின்னுக்கிட்டே சொல்றேன். சிவகாசியில இருந்து ஆமத்தூருக்கு இந்த வெயில்ல வண்டிய வெரட்டிக்கிட்டு வாறேன். டீயா? வேணாம். ம்... சரி, சொல்லுங்க, சீனி கம்மியா.

நாளைக்கு ஆடிப் பதினெட்டு. காலண்டர் ஆபீஸ்காரனுக்கு அது என்ன நாளுன்னு உங்களுக்குச் சொல்லணுமா? பூசையப் போட்டு, அடுத்த வருசச் சாம்பிள் ஆல்பத்த ஏஜெண்டுக கையில குடுத்தாத்தான் சீசனுக்கு ஆர்டரு. காலையில பத்து மணிக்கு எல்லாப் பயலும் வந்து நிப்பான். முப்பத்தாறு டிசைன்ல முப்பது அடிச்சாச்சு. மிச்சம் ஆறு சாமி படம் கம்ப்யூட்டருக்குள்ள கெடக்கு. புதன்கிளமை மதர்போர்டு செத்துப்போச்சு!

நம்ம ஹரிஷ்குமார் இருக்கான்ல, மெக்கானிக்கு, போர்டு வாங்கி மாட்டித் தாறேன், கூலி தனின்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "ஏலே, ஆப்செட் மிசினையே அக்கக்காக் களட்டி மாட்டுனவன்லே நான். ஒரு தகடு மாட்ட ஒனக்குக் கூலியா?"ன்னு வெரட்டி விட்டுட்டேன். நான் எட்டாப்பு பெயிலு, வாய் மட்டும் எம்.ஏ. விருதுநகர்ல ஒரு கடையில ஒண்ணரை மணி நேரம் பேரம் பேசி போர்டு வாங்குனேன். "எடுத்துட்டுப் போங்க சார், நான் சாப்பிடணும்"னுட்டான் கடைக்காரன். செயிச்சிட்டம்லனு நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்தேன்.

யூடியூபப் பாத்து மாட்டிச் சுவிட்சப் போட்டா, கீ கீ கீன்னு கத்துது. படமே இல்ல. மெமரிய உருவித் தொடச்சுச் சொருகுனேன். வந்துச்சு படம். படம்னா... கறுப்பு. அதுல வெள்ளை எளுத்து. எங்க வீட்டுக்காரி கற்பகவல்லி படிச்சிட்டு, "கம்ப்யூட்டரு கெளம்ப டிஸ்க்கே காணலையாம்ங்க"ன்னா. "நீ மிக்சி போட்டதுலதான் கரண்டு ஏறி எறங்கிருச்சு"ன்னு அவள ஏசுனேன். போர்டு வித்தவனுக்குப் போனப் போட்டு, "டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டியேய்யா"ன்னு ஏசுனேன். பாவம், அவன் அப்பவும் சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தான்.

நேத்து முளுக்க செட்டிங்குக்குள்ள போயி தேதிய மாத்துனேன், வரிசைய மாத்துனேன், மாத்துனத மாத்துனேன்... கம்ப்யூட்டருக்கே சூடம் காட்டுனேன் அண்ணாச்சி! சிரிக்காதீக. அதே வெள்ளை எளுத்து!

இன்னைக்குக் காலையில வெக்கத்த விட்டு ஹரிஷ்குமாரக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, ஒங்க டிஸ்க்கு வெரல் நீளப் பட்டை. பளைய போர்டு மேலயே ஒரு ஸ்குருவுல இருக்கும். ரெண்டு வருசம் முன்ன நான் மாட்டுனதுதான். பளைய போர்டு எங்க?"ங்கான்.

எங்கன்னா...

அதுக்குத்தான் வந்தேன். என் மூஞ்சியப் பாக்காதீக, தராசப் பாருங்க. நேத்து சாயங்காலம் உங்க வண்டி வந்து எங்க கட்டிங் வேஸ்ட் மூட்டைய ஏத்திட்டு வந்துச்சுல்ல? எல்லாம் வெட்டுன காயிதந்தான். காயிதந்தான்... அடியில மட்டும் லேசாக் கனமா... எடைக்கு ஆகட்டுமேன்னு அந்தப் பளைய போர்ட உள்ள அமுக்கிட்டேன். எம்புட்டு இருக்கப்போகுது, முக்காக் கிலோ. முக்காக் கிலோ காயிதக் காசுக்கு ஆறு சாமிய வித்துட்டு நிக்கேன்!

களவாணின்னு சொல்லுங்க, வாங்கிக்கிடுறேன். மூட்டைய மில்லுக்கு அனுப்பிட்டீகளா? அத மட்டும் சொல்லுங்க. ஏன் உள்ள போறீக? அண்ணாச்சி! செல்லக்கனி அண்ணாச்சி! கோவமா?

...அட! இதேதான்! இந்தா பட்டை, ஸ்குருகூட அப்பிடியே இருக்கு! நீங்க நல்லா இருப்பீக...

இதென்ன, கூடவே ஒரு அட்டைப் பெட்டி? பாதிச் செங்கலு... செங்கல எதுக்கு என்கிட்ட... ஓ. இந்தப் பல்சக்கரம் எங்க மிசின்ல உள்ளது மாதிரியே... ஓ. ஒவ்வொண்ணுலயும் தேதி எளுதி ஒட்டியிருக்கீக. நாலு வருசமா நான் மூட்டைக்குள்ள அமுக்குனதா? அம்புட்டும் தெரியுமா? தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?

என்னது... எனக்கு மட்டும் கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறச்சா? மொதச் செங்கல்ல இருந்தா?

அப்போ நாலு வருசமா நான்தான் ஏமாந்து... வேணாம், கணக்குப் போடாதீக. போடாதீகன்னா! டீயக் குடுங்க, ஒரே மடக்காக் குடிச்சிட்டு ஓடுறேன். ஆறு சாமியும் ராத்திரிக்குள்ள மிசின் ஏறணும்.

...ஏன் அண்ணாச்சி, அடுத்த வாரத்துல இருந்து வெறுங்காயிதமாவே போட்டா, அந்த ரெண்டு ரூவாயக் கூட்டித் தருவீகளா?

சரி, ஒண்ணரை?