நாற்பது மடங்கு வேகத்தில்

மதியம் மூன்று மணி... ஆமாம், பட்டப்பகல்தான், சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை. புறவழிச்சாலையில் ஒரு நாய்கூட இல்லை. விளக்கைக் குறைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். நண்பன் ஒருவனின் மச்சானுக்கு நடந்தது இது.

மச்சான் பல் செட் செய்கிறவன். அந்தச் சாலையோரம் இருந்த வேலைக்கூடத்தில் அன்று தனியாக உட்கார்ந்திருந்தான். வேலைக்காக இல்லை, ஒரு விண்வெளி வீடியோ கேம் பைத்தியம். அதில் கப்பலின் கதவு திறக்கும்போதெல்லாம் காட்சி ஸ்லோ மோஷனில் போகும்... கூடவே அடித்தொண்டையில் ஒரு முனகல். ஏன்? ரசிகர் குழுவில் ஆளுக்கொரு தியரி. கேப்டன் ஏற்கெனவே செத்துவிட்டான் என்பான் ஒருவன். காலமே உறைகிறது என்பான் இன்னொருவன். அந்த முனகல் மெதுவாக்கப்பட்ட மனிதப் பேச்சு என்பது மச்சானின் கட்சி. ஐந்து வருடமாக அதற்குக் கேலிதான் மிச்சம்.

"நாலு மணிக்கு லைவ்ல நிரூபிக்கிறேன். இல்லேன்னா குழுவ விட்டே போயிடறேன்" என்று சவால் விட்டிருந்தான். அவனுக்கு நண்பர்கள் என்று இருந்ததே அந்தக் குழுதான்.

ஹெட்ஃபோனை மாட்டினான். அந்த முனகலை நாற்பது மடங்கு வேகமாக்கினான்.

பேச்சு இல்லை... மெல்லும் சத்தம். சளக்... சளக்... நடுவில் ஒரு 'டக்'. அவனுக்கா தெரியாது? தளர்ந்த மேல் செட் கீழ் செட்டில் இடிக்கிற சத்தம். யாரோ வாயை மூடாமல், எச்சில் வழிய, அத்தனை வேகத்திலும் அவசரமே இல்லாமல் எதையோ மென்றுகொண்டிருந்தார்கள். கருமம்!

அப்புறம் வாடை. கூடத்தின் மெழுகு வாடையெல்லாம் அமுங்கிப்போய், கழுவாத பல் செட்டை வாரக்கணக்கில் ஊறப்போட்ட தண்ணீரின் நாற்றம்... அது அவன் தொண்டையிலிருந்தே வந்தது. காறித் துப்பினான். துப்பத் துப்ப வாய் ஊறியது. "ச்சீ!" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தான். ஒலியை நிறுத்தினான்.

நாலு மணி. அவமானத்துக்குப் பயந்து லைவில் வந்தான். பேச்சாக இல்லாவிட்டால் என்ன, ஏதோ ஒன்று இருக்கிறதே.

"இப்பக் கேளுங்க" என்றான்.

ஒலியைப் போடும் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனான்.

"கேக்குதுப்பா... உவ்வே, யாரோ மெல்றாங்க. ஒத்துக்கறோம், நீ சொன்னதுல ஏதோ இருக்கு" என்றான், எப்போதும் கிண்டல் செய்கிறவன்.

மச்சான் தன் கையைப் பார்த்தான். விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. ஒலியை அவன் இன்னும் போடவே இல்லை.

வாய்க்குள் விரலை விட்டான். முன்பல், கடைவாய்ப்பல்... எல்லாம் அவனுடையவை. நாக்குக்குப் பின்னால், வழவழவென்று, இன்னொரு வரிசை... அது மெதுவாக, மிக மெதுவாக, விரல்மேல் மூடிக்கொண்டிருந்தது.