நாற்பது பட்டன்

அக்கா: ...நேரா நில்லுடா. வயித்த உள்ள இழுக்காத.

தம்பி: இழுக்கல.

அக்கா: யாருகிட்ட? இருபது வருஷமா தையல் கடை வச்சிருக்கேன். டேப்ப எடுத்தாலே ஆம்பளைங்க வயிறு முதுகோட ஒட்டிக்கும். அத நம்பி வெட்டினா உக்காரும்போது டர்ருனு கிழியும். அதான் ரெண்டு இஞ்ச் துணிய உள்ள விட்டே வெட்டுவேன். ...ஆனா இந்த டவுசர் நிஜமாவே தொளதொளன்னுதான் இருக்கு. பிடிச்சுத் தர்றேன். நாளைக்கு நடுரோட்டுல அவுந்து விழுந்தா குடும்ப மானமே போயிடும்.

தம்பி: பிடிக்க வேணாம்க்கா.

அக்கா: ஏன், கையில பிடிச்சுக்கிட்டே ஓடப் போறியா?

தம்பி: ஓடல.

அக்கா: என்னது?

தம்பி: நாளைக்கு மாரத்தானுக்குப் போகல. முழங்கால்... ஒரு மாதிரி...

அக்கா: எந்த முழங்கால்?

தம்பி: இடது.

அக்கா: காலையில வலதுன்ன.

தம்பி: ...ரெண்டும்தான்.

அக்கா: அடேங்கப்பா! நாப்பத்திரண்டு கிலோமீட்டர், நாப்பத்திரண்டு கிலோமீட்டர்னு ஆறு மாசமா ஊரெல்லாம் தண்டோரா போட்ட. லிஃப்ட் ரிப்பேருக்குப் போற வீட்டுல எல்லாம் சொல்லி வச்சிருக்க. துணி தைக்க வர்றவங்க, "உங்க தம்பி ஓடுறாராமே"ன்னு என்னக் கேக்குறாங்க. "ஆமா, வேலைக்குப் பயந்து"ன்னு சொல்லி அனுப்புறேன்.

தம்பி: கிண்டல் பண்ணு, பண்ணு.

அக்கா: பின்ன? இடுப்புக்கு பெல்ட்டு, அதுல ரெண்டு பாட்டிலு, முழங்காலுக்கு உறை, கிளிப்பச்சையில ஒரு ஷூ... உன் கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு வாங்கல. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். எதுக்கு ஓட ஆரம்பிச்சன்னாவது ஞாபகம் இருக்கா?

தம்பி: அத விடு.

அக்கா: ஒன்பதாவது மாடியில லிஃப்டுக்குள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டுக் கதறுது. திறந்து விடப் போன மகராசன், அஞ்சாவது மாடிப் படியிலயே...

தம்பி: அக்கா, போதும்...

அக்கா: ...மூச்சு வாங்கி உக்காந்துட்டாரு. இருபது நிமிஷம்!

தம்பி: வெளிய வந்த அந்தம்மா என்னத் திட்டக்கூட இல்லக்கா. தண்ணி பாட்டில நீட்டி, "முதல்ல நீங்க குடிங்க"ன்னுச்சு. அதான் இன்னும் குத்துது.

அக்கா: குத்துதுல்ல? அப்ப ஓடு.

தம்பி: முடியாது. மாரத்தான் நடத்துறவங்க குடுத்த தாள்ல போட்டிருக்கு. முன்னாடி ஒரு தடவையாவது இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கணும், ஓடாதவங்க வராதீங்கன்னு.

அக்கா: அதான் போன மாசம் ஓடினியே! பூங்காவச் சுத்தி நாப்பது சுத்து. நான் குடுத்த நாப்பது சட்டை பட்டன, சுத்துக்கு ஒண்ணா டப்பாவுல போட்டுட்டு வந்து, என்னமோ கோட்டையப் பிடிச்ச மாதிரி கடை வாசல்ல மல்லாந்து கெடந்தியே. சுத்துக்கு எழுநூறு மீட்டர். நானே நூல்ல முடிச்சுப் போட்டு அளந்து சொன்னேன். நாப்பது எழுநூறு இருபத்தெட்டாயிரம். வேறென்ன?

தம்பி: போன்லயே அளந்திருக்கலாம்...

அக்கா: எவனாவது லிஃப்டுக்குள்ளேருந்து கூப்பிடுவான்னு போனை வீட்டுல வச்சுட்டுப் போனது யாரு? பேச்ச மாத்தாத.

தம்பி: டப்பாவுல நாப்பது பட்டனும் இருந்துச்சு...

அக்கா: இருந்துச்சு. எண்ணினேன்.

தம்பி: ஆனா நாப்பது சுத்து ஓடல.

அக்கா: ம்...

தம்பி: கடைசில காலு கல்லாயிடுச்சுக்கா. அஞ்சு தடவ... ரெண்டு ரெண்டா போட்டுட்டேன்.

அக்கா: அஞ்சேதானா?

தம்பி: சத்தியமா. முப்பத்தஞ்சு சுத்து. இருபத்தஞ்சு கிலோமீட்டர்கூட வரல. யாருக்கும் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமே! நாளைக்கும் அன்னைக்குப் படியில உக்காந்த மாதிரி பாதி வழியில உக்காந்துடுவேன். பயமா இருக்குக்கா... என்ன, சிரிக்கிற?

அக்கா: பத்து தடவ எழுதுன்னு வாத்தியார் சொன்னா, எட்டு எழுதிட்டுக் கடைசி வரிக்குப் பத்துன்னு நம்பர் போட்ட பய நீ. நாப்பத்தோரு வருஷமா உன்ன அளந்துட்டு இருக்கேன்டா. வயித்த இழுக்குறவன் சுத்தையும் இழுப்பான்னு எனக்குத் தெரியாதா? உள்ள விட்டுத்தான் சொன்னேன். அந்தச் சுத்து எழுநூறு இல்ல, எண்ணூறு. முப்பத்தஞ்சு எண்ணூறும் அதே இருபத்தெட்டாயிரம்தான். ...இப்ப மூச்ச நல்லா விட்டுட்டு நில்லு, இடுப்பப் பிடிக்கணும்.