தாக்பிக்குச் சொறி ஆறிடுச்சா

எங்கள் அலுவலகத்தில் துணியால் தைத்த மீன் ஒன்று இருக்கிறது. பாங்குஸ் மீன், தலையணை அளவு இருக்கும். கார்போன் சந்தையில் நான்தான் வாங்கி வந்தேன். போலி மின்னஞ்சலை நம்பி இணைப்பை அழுத்தி, தூண்டிலில் மீன்போலச் சிக்கியவர் மேசையில் அது ஒரு வாரம் உட்கார்ந்திருக்கும். போகிறவர் வருகிறவரெல்லாம் அதன் வாலைத் தட்டி, "எப்போ சுடுறோம்?" என்று கேட்பார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்தப் போலி மின்னஞ்சல்களை எழுதுவதுதான் என் வேலை. தகவல் பாதுகாப்புப் பயிற்சியாளர் ஜெரிக் லாபஸ்தீதா என்று என் அடையாள அட்டையில் இருக்கும். உண்மையான திருடன் வரும் முன்னே நான் திருடனாக நடித்து எங்கள் ஆட்களை உஷார்படுத்துவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் பேட்டை மாதா கோயில் கூடத்திலும் இதையே சொல்லிக்கொடுப்பேன், சும்மாதான். மோசடிக்காரன் அவசரப்படுத்துவான், யாரிடமும் சொல்லாதே என்பான், உறவைச் சொல்லி உருக்குவான். மூன்றும் சேர்ந்து வந்தால் தொடாதீர்கள் என்பேன். செபு நகரத்தில் என்னால் பணம் தப்பித்த குடும்பங்கள் நிறைய. அதையும் நீங்கள் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டால் நல்லது.

ரோவெனா எனக்கு அடுத்த வரிசையில் இருக்கிறாள், ரோவி என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டு மருத்துவமனைகளின் காப்பீட்டு விண்ணப்பங்களைப் பார்ப்பவள். அவளுடைய தம்பி ஜுன்ரே, வெளிநாட்டில் கணினி வேலை என்று ஒரு முகவர் சொன்னதை நம்பிப் போனவன். போனவனிடமிருந்து பேச்சு மூச்சில்லை. எல்லைப் பக்கம் ஆற்றங்கரையில் மதில் கட்டி, பிள்ளைகளை உள்ளே அடைத்து, உலகத்துக்கெல்லாம் மோசடிச் செய்தி எழுத வைக்கிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவனும் அங்கேதான் இருப்பான் என்று பேசிக்கொண்டோம். அவள் எதிரில் பேசியதில்லை.

அவள் அம்மா கோயில் கூடத்தில் முன்வரிசையில் உட்காருவார். ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து யாரோ "நானாய்", அம்மா, என்று அழுதபோது உடனே துண்டித்துவிட்டாராம். நான் சொன்னபடிதான் செய்தார். அது யாரென்று எனக்குத் தெரியாது. அதை என் தலையில் கட்ட வேண்டாம்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். நான் ஒப்பந்த ஊழியன். என் பயிற்சி பலித்ததே எனக்கு வினையாகிவிட்டது. பார்சல், பரிசு, சம்பள உயர்வு என்று எதைப் போட்டாலும் ஒருவரும் சிக்கவில்லை. மேலாளர் டெல்மா சிரித்துக்கொண்டே, எல்லோரும் தேறிவிட்டார்கள், இனி நீ எதற்கு என்று கேட்டார். என் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். அவளுடைய மருத்துவக் காப்பீட்டு அட்டை என் வேலையோடு ஒட்டியது. கரு தங்குமா என்று மருத்துவரே சந்தேகப்பட்ட நேரம். எனக்கு வேறு வழி தெரியவில்லை. யாராவது ஒருவர் சிக்கியாக வேண்டியிருந்தது.

சாவு, நோய், காணாமல் போனவர்கள் ஆகியவற்றை வைத்துத் தூண்டில் எழுதக் கூடாது என்று விதி உண்டு. அந்த விதியை எழுதியவனே நான்தான். ஆனால் திருடன் விதி பார்ப்பானா. மதியச் சாப்பாட்டின்போது ரோவி பேச்சுவாக்கில் சொன்னதை வைத்தே எழுதினேன். தம்பி அவளை அக்கா என்ற பொருளில் மனாங் என்றுதான் கூப்பிடுவான். "மனாங், நான்தான். இந்தப் படத்துல இருக்கேன், உடனே பாரு. யார்கிட்டயும் சொல்லாத."

அனுப்பிவிட்டு நான் காப்பியை வாயில் வைப்பதற்குள் அவள் படத்தை அழுத்தி எழுந்து நின்றுவிட்டாள். அவள் திரையில் மீன் சிரித்தது. இது பயிற்சி, நீங்கள் சிக்கிவிட்டீர்கள் என்று வந்தது. விஷயம் தெரியாத யாரோ துணி மீனைத் தூக்கிக்கொண்டு போய் அவள் மேசையில் வைத்தார்கள்.

அவள் அழவில்லை. என்னிடம் வந்து, "அப்போ அது அவன் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல ரோவி. கெட்டவங்க இப்படித்தான் செய்வாங்க. நம்ம ஆளு நான் செஞ்சதால உனக்கு ஒண்ணும் ஆகல."

மன்னிச்சுக்கோ என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பாவமாகத்தான் இருந்தது. டெல்மாவிடம், பார்சல் மின்னஞ்சலில் சிக்கினாள் என்று சொன்னேன். என் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

இனி நீங்கள் கேட்க வந்த விஷயம். மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் ரோவியிடமிருந்து ஒரு புகார் வந்தது. சந்தேகப்படும் மின்னஞ்சல் மேல் பொத்தானை அழுத்தினால் அது என்னிடம்தான் வரும். நான் பார்த்து, போலி என்றால் பச்சைக் குறி போட்டு நன்றி சொல்வேன். அவள் கூடவே ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள். "ஜெரிக், இது உன் வேலைதானே? இந்தத் தடவை நான் சிக்கல."

நான் எழுதியதல்ல. "மனாங், ஒருத்தரோட போனை எடுத்திருக்கேன். எந்த நம்பரும் ஞாபகமில்ல, உன் ஆபீஸ் மெயில் முகவரி மட்டும்தான் ஞாபகமிருக்கு. ஆத்துப் பக்கம் மஞ்சக் கட்டடம், மூணாவது மாடி. வரைபடம் அனுப்பியிருக்கேன், அழுத்திப் பாரு. தூதரகத்துல சொல்லு. இங்க யாருக்கும் பதில் போட்டுடாத, கொன்னுடுவாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்கள வேற எடத்துக்கு மாத்துறாங்க. தாக்பிக்குச் சொறி ஆறிடுச்சா?"

தாக்பி அவர்கள் வீட்டு நாய் என்று பிறகுதான் உறுதியாகத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த வரியைப் படித்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. நான் எத்தனையோ தூண்டில்கள் எழுதியவன். மோசடிக்காரன் பயனில்லாத வரி எழுத மாட்டான். உயிர் போகிற நேரத்தில் நாயை விசாரிப்பது வீட்டுப் பிள்ளைதான்.

உண்மை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் மின்னஞ்சல் எதைப் பற்றியது என்று கேட்பார்கள். பார்சல் கதை நாறிப்போகும். வேலை போகும், அட்டை போகும், வயிற்றில் இருப்பதும் போகலாம். தூதரகம் போய்ச் சேருமா என்பதும் நிச்சயமில்லை. நான் பச்சைக் குறியை அழுத்தினேன். நன்றி, நீங்கள் விழிப்பாக இருந்தீர்கள் என்று அவளுக்குப் போனது.

மறுநாள் தேநீர் எடுக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் என் சட்டைக் கையை விடவில்லை.

"தாக்பி விஷயம் ஒனக்கு எப்படிடா தெரியும்? நான் சொன்னதா ஞாபகமே இல்ல."

"நீதான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்ன. மருந்துகூட வாங்கணும்னு பொலம்பின."

அவள் என்னையே பார்த்தாள். அந்தக் கண்களை இப்போதும் மறக்க முடியவில்லை, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். பிறகு தலையாட்டி, "இருக்கும். நான் ஓட்டவாய்தானே" என்று கையை விட்டாள்.

பிறகும் இரண்டு வந்தன. மனாங், பாத்தியா என்று ஒன்று. கடைசியில் வந்ததில் அவள் பெயர் மட்டும் இருந்தது. இரண்டையும் அவளே புகார் செய்தாள். நான் பச்சைக் குறி போட்டு அழித்தேன். சர்வரில் தங்கியிருக்கும் என்று தெரியாதவன் அல்ல நான்.

கூட இருந்து தப்பி வந்த பையன் உங்களிடம் சொல்லிவிட்டான். போனோடு ஜுன்ரே பிடிபட்டான், ஞாயிறு காலையில் மூன்றாவது மாடியிலிருந்து தள்ளினார்கள். தூதரகத்துக்குச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அவன் இருக்கும் இடம் தெரிந்தே அவனை அங்கே விட்டேன். இதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். என் மகள் நலமாகப் பிறந்தாள்.

ரோவிக்கு இன்னும் தெரியாது என்கிறீர்கள். அது மட்டும் சரியல்ல. நீங்கள் வரப்போவது தெரிந்ததும், நேற்று ஒன்றுவிடாமல் எழுதி அவளுக்கு அனுப்பினேன். அடுத்த வரிசைதானே, எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுத்தில் இருப்பது நல்லது என்று தோன்றியது. தலைப்பில், "உன் தம்பி ஜுன்ரே பற்றி. அவசரம். யாரிடமும் சொல்லாதே" என்று போட்டேன்.

அவள் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது புகாராக என்னிடமே திரும்பி வந்தது. "மூணும் இருக்கு ஜெரிக். வேற ஆளப் பாரு" என்று எழுதியிருந்தாள். வழக்கம்போல் பச்சைக் குறியை அழுத்தினேன். நான் அவளிடம் சொல்லவில்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது.